மூளைக்கு மின்சாரம்: ஹெட்செட் வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை

தலையில் மாட்டிக்கொண்டு இருபது நிமிடம் உட்கார்ந்தால் போதும். கவனம் கூடும், கை வேகம் பிடிக்கும், படித்தது மனத்தில் தங்கும். இப்படிச் சொல்லி விற்கும் ஹெட்செட்டுகள் பத்தாண்டுக்கு மேலாகச் சந்தையில் இருக்கின்றன. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், நைட் ஷிஃப்ட் பார்ப்பவர், மைதானத்தில் ஓடுபவர் என எல்லோருக்கும் வலை விரிக்கிறார்கள். பணம் கட்டும் முன் இவற்றைப் பாருங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

ஆய்வுக்கூடத்தில் உப்புத்தண்ணீரில் நனைத்த இரண்டு பஞ்சுப் பட்டைகளைத் தலையில் வைத்துக் கட்டுவார்கள். பேட்டரியிலிருந்து 1 முதல் 2 மில்லிஆம்பியர் நேர்மின்னோட்டம் பாயும். பஞ்சுக்கு அடியில் எறும்பு ஊர்வது போலக் குறுகுறுக்கும். இதைச் சுருக்கமாக ‘டிடிசிஎஸ்’ என்கிறார்கள். இந்த அளவு மின்சாரம் நரம்பணுவை நேரடியாக இயக்காது. அது இயங்கத் தயாராக இருக்கும் நிலையைச் சற்று ஏற்றும் அல்லது இறக்கும். ஜெர்மனியின் கோட்டிங்கனில் நிட்ஷே, பாலஸ் இருவரும் 2000-இல் இதைக் காட்டினார்கள்.

மருத்துவமனைகளில் தரும் காந்தத் தூண்டல் வேறு. அது வலுவானது, நரம்பணுவை நேராகவே இயக்கும். அமெரிக்காவில் 2008 முதல் மனச்சோர்வுக்கு அனுமதிக்கப்பட்ட சிகிச்சை அது. வீட்டில் தொடும் சமாச்சாரம் அல்ல.

பலன் உண்டா?

கைத்திறனில் கொஞ்சம் நம்பிக்கை தரும் சான்று உண்டு. ஜனீன் ரைஸ் குழுவினர் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் நடத்திய ஆய்வு 2009-இல் வெளியானது. பங்கேற்றவர்கள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு கருவியை அளவாக அழுத்தி, திரையில் கர்சரை இலக்குக்கு நகர்த்த வேண்டும். ஐந்து நாள் பயிற்சி. பயிற்சியின்போதே மின்சாரம் பெற்றவர்கள் மற்றவர்களை முந்தினார்கள்; மூன்று மாதம் கழித்தும் முன்னிலையில் இருந்தார்கள். கவனிக்க வேண்டியது இது: அவர்களுக்குக் கிடைத்த கூடுதல் முன்னேற்றம் பயிற்சி நேரத்தில் வரவில்லை, ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் இடைப்பட்ட நேரத்தில் வந்தது.

மூளைத்திறன் விஷயத்தில் சான்று பலவீனம். ஒரே ஒரு முறை மின்சாரம் கொடுத்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஹோர்வத் குழுவினர், ஆரோக்கியமானவர்களின் சிந்தனைத் திறனில் நம்பத்தகுந்த பலன் இல்லை என்று 2015-இல் எழுதினார்கள். அவர்கள் தொகுத்த முறையைச் சிலர் மறுத்தார்கள், விவாதம் ஓயவில்லை.

ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கலாம். இயுகுலானோ, கோஹன் கடோஷ் இருவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் புதிய எண் குறியீடுகளைக் கற்கவைத்தார்கள். மூளையின் பக்கவாட்டுப் பின்பகுதியைத் தூண்டியபோது கற்றல் வேகம் கூடியது, கற்றதை யோசிக்காமல் கையாளும் திறன் குறைந்தது. முன்பகுதியைத் தூண்டியபோது நேர்மாறாக நடந்தது.

கடைக்காரரிடம் கேளுங்கள்

• ஆய்வு எந்த வேலையில் நடந்தது? விரல் அழுத்தும் பயிற்சியில் கிடைத்த பலன் கணக்குப் பாடத்துக்கு வரும் என்று யாரும் உறுதி தர முடியாது.

• போலித் தூண்டலோடு ஒப்பிட்டார்களா? போலித் தூண்டலில் சுமார் அரை நிமிடம் மட்டும் மின்சாரம் விட்டு நிறுத்திவிடுவார்கள். குறுகுறுப்பு இருப்பதால் வித்தியாசம் தெரியாது. இந்த ஒப்பீடு இல்லாத ஆய்வில் எது மின்சாரம், எது நம்பிக்கை என்று பிரிக்க முடியாது.

• கம்பெனி நிலைக்குமா? விளையாட்டு வீரர்களைக் குறிவைத்து 2016-இல் ஹெட்செட் விற்ற ஹாலோ நிறுவனத்தை 2021-இல் ஸ்வீடனின் ஃப்ளோ வாங்கியது. ஃப்ளோவின் கவனம் விளையாட்டில் அல்ல, மனச்சோர்வுச் சிகிச்சையில்.

யார் தொடக் கூடாது?

வலிப்பு நோய் உள்ளவர்கள், தலைக்குள் உலோகமோ உடலில் பேஸ்மேக்கரோ வைத்திருப்பவர்கள், கர்ப்பிணிகள், பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஒதுங்கிவிடுவது நல்லது. மனநல மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். பஞ்சு காய்ந்தால் தோல் புண்ணாகும். நோய்க்காக என்றால் மனநல மருத்துவரிடம் போங்கள்; பெங்களூரு நிம்ஹான்ஸில் டிடிசிஎஸ் முறையை நோயாளிகளுக்குப் பயன்படுத்தி ஆராய்கிறார்கள்.

அலுவலகம் சொன்னால்?

மேலாளரோ கோச்சோ மாட்டச் சொன்னால் மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள். மறுத்தால் மதிப்பீட்டில் கை வைப்பார்களா? பதிவாகும் தகவல் யாரிடம் இருக்கும்? உடம்புக்கு ஏதாவது ஆனால் செலவு யாருடையது? பதில் வராவிட்டால் மாட்டாதீர்கள்.

கடைசியாக

மின்சாரம் எதையும் கற்றுத்தராது. பயிற்சி இருந்தால் அதன்மேல் சிறிது சேர்க்கலாம், சேர்க்காமலும் போகலாம். ஆகவே முதலில் பயிற்சியைப் பல நாளுக்குப் பிரித்து அட்டவணை போடுங்கள். அதற்குக் காசு வேண்டாம். அந்த அட்டவணை இல்லாமல் பரீட்சைக்கு முந்தின இரவு ஹெட்செட் மாட்டுபவருக்கு மிஞ்சுவது நெற்றி அரிப்பு மட்டும்தான்.