காசு கொடுத்தால் குப்பை பசளையாகுமா?
கல்முனைக் கரையிலிருந்து நமக்கு ஒரு பாடம்

மருதமுனைக் கைத்தறிச் சாரத்தைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். அந்த மருதமுனை அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில் இருக்கிறது. அதையடுத்து கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊர்கள் வரிசையாக வருகின்றன. கிழக்கே கடல், மேற்கே நெல்வயல், நடுவே நெருக்கமான வீடுகள். நம் லயங்களைப் போலவே அங்கும் குப்பை கொட்ட இடமில்லை.

நம் நாட்டு வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது. மரக்கறித் தோல், மீன் கழிவு, சோறு, இலை, தழை எல்லாம் அதில் அடங்கும். இதைக் கூட்டெருவாக்கினால் குப்பையும் குறையும், மண்ணுக்கும் உணவாகும். இதற்காகவே 2008ஆம் ஆண்டில் மத்திய சுற்றாடல் அதிகார சபை 'பிலிசரு' என்ற திட்டத்தைத் தொடங்கியது. மாநகர சபைகளுக்கும் பிரதேச சபைகளுக்கும் கூட்டெரு முற்றம் கட்ட அரசாங்கப் பணம் கொடுக்கப்பட்டது.

"கவர்மெண்டு காசு குடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்" என்று நாம் சொல்வதுண்டு. அப்படித்தானா என்று பார்ப்போம்.

பள்ளக்காட்டில் நடந்தது

அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காடு என்ற இடத்தில், 2008இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு குப்பை சேர்க்கும் இடம் ஒன்று அமைக்கப்பட்டது. சுற்றியுள்ள ஒன்பது ஊர்களின் குப்பை அங்கே போனது. ஆனால் தரம் பிரிக்கப்படவில்லை. சோறும் சொப்பிங் பையும் ஒன்றாகவே குவிந்தன. பக்கத்துக் காட்டு யானைகள் வராமல் மின்வேலி போட்டிருந்தார்கள். 2014இல் மின்னல் தாக்கி அது பழுதானது. பிறகு திருத்தப்படவில்லை.

யானைகள் உணவு வாசத்துக்கு வந்தன. சோற்றோடு பிளாஸ்டிக்கையும் விழுங்கின. 2022 ஜனவரியில் இன்னும் இரண்டு யானைகள் இறந்து கிடந்தபோது, எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் இப்படி மாண்டதாகக் கணக்குச் சொல்லப்பட்டது.

இங்கே உதவி வந்தது, இடமும் வந்தது. குறைந்தது எது? வீட்டு வாசலில் குப்பையைப் பிரிப்பதும், கட்டியதைப் பராமரிப்பதும்தான். கலந்த குப்பையில் செய்த எருவில் கண்ணாடித் துண்டும் பொலித்தீனும் கிடக்கும். அதை எந்த விவசாயி காசு கொடுத்து வாங்குவான்? விற்காத எரு குவிந்தால் முற்றமும் மூடப்படும்.

2021 சொன்ன கணக்கு

இதற்கு நேர்மாறான பாடம் ஒன்றும் உண்டு. 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தது. எல்லோரும் சேதனப் பசளைக்கு மாற வேண்டும் என்றார்கள். கரையோர வயல்காரரும் மலைநாட்டுத் தோட்டங்களும் ஒரே நேரத்தில் தவித்தனர். சீனாவிலிருந்து 20,000 தொன் சேதனப் பசளையோடு வந்த கப்பல், கெட்ட கிருமி இருப்பதாகக் கண்டு திருப்பப்பட்டது. ஆனாலும் 2022 ஜனவரியில் அதற்கு 67 இலட்சம் டொலர் கட்ட வேண்டியதாயிற்று. தடையோ 2021 நவம்பரிலேயே நீக்கப்பட்டுவிட்டது.

ஏன் இப்படி? கணக்குப் போட்டுப் பார்ப்போம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். 50 கிலோ மூட்டையில் 23 கிலோ. கூட்டெருவில் நூற்றுக்கு ஒரு பங்கு நைதரசன் என்று வைத்தால், 50 கிலோ மூட்டையில் அரைக் கிலோதான். ஒரு மூட்டை யூரியாவுக்கு 46 மூட்டை கூட்டெரு வேண்டும்! நாடு முழுவதற்கும் அவ்வளவு எரு ஒரே போகத்தில் எங்கிருந்து வரும்?

அப்படியென்றால் கூட்டெரு வீணா? இல்லவே இல்லை. அதன் வேலை வேறு. கரையோரத்து மணலில் அது தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. நம் மலைச்சரிவில் மண்ணை இறுக்கமில்லாமல் வைக்கிறது. போட்ட பசளை மழையில் கழுவிப் போகாமல் தாங்குகிறது. காய்ந்த புல், வைக்கோல், கவ்வாத்து மிலாறு கொண்டு மண்ணை மூடினால் அடைமழையிலும் மண் அரிக்காது, களையும் குறையும். வயல்காரரிடம் வைக்கோலை எரிக்காதீர்கள், வயலுக்கே திருப்புங்கள் என்று விவசாயத் திணைக்களம் பல காலமாகச் சொல்வதும் இதனால்தான். மலையில் விழுந்த மிலாறை விறகுக்கு மொத்தமாக அள்ளாமல், மெல்லிய குச்சியையும் இலையையும் மண்ணுக்கு விடுவோம்.

நம் மரக்கறித் தோட்டத்துக்கு

1. வீட்டில் இரண்டு வாளி வையுங்கள். ஒன்று உக்குவதற்கு, மற்றது உக்காததற்கு. பற்றரி, பொலித்தீன், கண்ணாடி எருக்குழிக்கு வேண்டாம்.
2. மழைத்தண்ணீர் தேங்காத இடத்தில் ஒரு மீற்றர் உயரத்துக்குக் குவியல் போடுங்கள். பச்சைக் கழிவு ஓர் அடுக்கு, காய்ந்த இலை ஓர் அடுக்கு, இடையே கொஞ்சம் மாட்டுச் சாணம்.
3. கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் ஓடக்கூடாது. மழைக்கு மேலே மூடி வையுங்கள்.
4. இரண்டு கிழமைக்கு ஒருமுறை புரட்டுங்கள். காற்றுப் போகாவிட்டால்தான் நாற்றம் வரும்.
5. மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். குளிர் மலையில் இன்னும் சில கிழமை எடுக்கலாம். கறுப்பாகி, மண்வாசம் வந்தால் எரு தயார்.

கூடிப் பேசுவதற்கு

நம் லயத்துக் குப்பை எங்கே போகிறது? அதைப் பிரிக்க யார் பொறுப்பு? பிரதேச சபையிடம் உதவி கேட்கும்போது வாளியை மட்டும் கேட்கிறோமா, பிரித்த குப்பையைத் தனித்தனியாக எடுத்துப் போகவும் கேட்கிறோமா? விவசாயப் போதனாசிரியரை ஒருநாள் அழைத்துக் குவியல் போடக் கற்றுக்கொள்ளலாமா?

அரசாங்கத்தின் உதவியைக் கேட்பது நம் உரிமை. கேட்போம், விடக்கூடாது. ஆனால் அந்த உதவி பலன் தருவதும் பள்ளக்காடாக முடிவதும் நம் குசினியில், மரக்கறித் தோலை எந்த வாளியில் போடுகிறோம் என்பதிலிருந்தே தொடங்குகிறது.