வார்டுக்கு வழிகாட்டி எழுதப் போகிறவர்களுக்கு

1. தலைப்பைச் சின்னதாக எடுங்கள். ‘நோயாளி பராமரிப்பு’ என்று தொடங்கினால் ரிட்டயர் ஆகும்வரை எழுதிக்கொண்டே இருக்கலாம். படுக்கைப் புண் வராமல் தடுப்பது எப்படி என்று எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

2. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். ஐரோப்பா, அமெரிக்கா, பசிபிக் வட்டார அமைப்புகள் சேர்ந்து 2014இலும் 2019இலும் இதற்கு உலகளாவிய வழிகாட்டி வெளியிட்டிருக்கின்றன. ஆய்வுச் சான்று உள்ளது எது, நிபுணர்கள் கூடிப் பேசி ஒப்புக்கொண்டது எது என்று அதில் பிரித்தே காட்டியிருக்கிறார்கள். நீங்களும் இரண்டையும் கலக்காதீர்கள்.

3. செய்ய வேண்டியதோடு நிறுத்த வேண்டியதையும் எழுதுங்கள். பெரும்பாலும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். சிவந்த இடத்தில் ஸ்பிரிட் தடவி, பவுடர் போட்டு, அழுத்தித் தேய்ப்பதுதான் எங்கள் காலத்து ‘பேக் கேர்’. சிவந்த இடத்தில் திசு ஏற்கெனவே அடிபட்டிருக்கலாம். தேய்த்தால் உள்ளே இன்னும் சிதையும். இடுப்புக்கு அடியில் வைக்கும் காற்றடைத்த வளையமும் அப்படித்தான். நடுப்பகுதியைக் காப்பாற்றுவதாக நினைத்து வைக்கிறோம். விளிம்பு வட்டமாக அழுத்தி ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. இன்றைக்கும் அதை வாங்கிவரச் சொல்லிச் சீட்டு எழுதுகிறவர்கள் உண்டு.

4. வெளியூர் வழிகாட்டியை நம் ஆட்களின் உடம்பில் வைத்துப் பாருங்கள். கறுத்த தோலில் சிவப்பு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. கையை வைத்து சூடு, கெட்டித்தன்மை, வலி பார்க்கச் சொல்லி எழுதுங்கள். புண் வரும் ஆபத்தைக் கணிக்கும் பிரேடன் மதிப்பெண் (6 முதல் 23 வரை, குறையக் குறைய ஆபத்து அதிகம்) போட்டால் மட்டும் ஆயிற்றா? போர்வையை விலக்கி இடுப்பையும் குதிகாலையும் பார்க்க வேண்டாமா?

5. எழுதும் மேசையைச் சுற்றி பிசியோதெரபிஸ்ட், டயட்டீஷியன், நைட் டியூட்டி சிஸ்டர், நோயாளியைத் தூக்கும் அட்டெண்டர் எல்லாரும் உட்கார வேண்டும். ‘2 மணிக்கொரு முறை திருப்பவும்’ என்று ஒரு வரி எழுதுவது சுலபம். ஆளுக்கும் மெத்தைக்கும் ஏற்ப அந்த இடைவெளி மாறும். பக்கவாட்டில் 30 டிகிரி சாய்த்து, கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலைத் தூக்கிவிட வேண்டும். அர்த்த ராத்திரியில் இதைத் தனியாளாகச் செய்ய முடியுமா என்று சிஸ்டரைக் கேளுங்கள். முடியாது என்றால் திட்டாதீர்கள், வரியை மாற்றுங்கள்.

6. வழிகாட்டியைப் பின்பற்றத் தொடங்கும் முன் வார்டில் எத்தனை புண் என்று எண்ணி வையுங்கள். பிறகும் எண்ணுங்கள்.

7. முதல் பக்கத்தில் தேதியும், அடுத்த திருத்தம் எப்போது என்பதும் இருக்கட்டும். லேமினேட் செய்து சுவரில் அடித்துவிடாதீர்கள்.