பள்ளிகொண்ட பெருமாளை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

கேள்வி: ஐயா, நான் திருச்சியில் சுற்றுலா வழிகாட்டி. ஸ்ரீரங்கத்தில் மாற்று மதத்தவர் மூலஸ்தானம் வரை போக முடியாது. வரும் வெளிநாட்டவருக்குப் பெருமாளின் கோலத்தை வாயால்தான் விளக்குகிறேன். 'லை', 'லே' இரண்டில் எது சரி? 'ரைஸ்', 'ரெய்ஸ்' என்பதிலும் தடுமாற்றம் உண்டு.

பதில்: உங்கள் சொல் வழியாகத்தான் அவர்களுக்குப் பெருமாள் சேவை கிடைக்கிறது. அதனால் இந்தக் கவலை நியாயமானது.

நம் வைணவ வழக்கே இதற்கு விடை வைத்திருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் 'கிடந்த திருக்கோலம்' என்கிறோம். கிடப்பது 'லை', இன்னொன்றைக் கிடத்துவது 'லே'. மேற்கே திருமுடி, கிழக்கே திருவடி, தெற்கு நோக்கிய திருமுகம் என்று ஆதிசேஷன் மேல் அவர் தாமே கிடக்கிறார். எனவே 'லார்ட் ரங்கநாதா லைஸ் ஆன் ஆதிசேஷா'. 'லேஸ்' என்றால், எதைக் கிடத்துகிறார் என்ற கேள்வி தொக்கி நிற்கும்.

சிக்கல் இறந்தகாலத்தில். 'லை'க்கு இறந்தகாலம் 'லே'. முற்றுப்பெற்ற நிலைக்கு 'ஹேஸ் லெயின்'. 'லே' என்ற வினைக்கோ 'லெய்டு'. தப்பித்தவறியும் 'லைடு' என்று சொல்லிவிடாதீர்கள். பெருமாள் பொய் சொன்னார் என்று பொருளாகிவிடும். இங்கே உங்களுக்கு இறந்தகாலமே வேண்டாம் என்பது என் எண்ணம். இன்றும் பள்ளிகொண்டிருப்பவர்தானே அவர்! ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் பேச்சில் 'லே'யை இரண்டுக்கும் பயன்படுத்துவதைக் கேட்டிருப்பீர்கள். ஆனால் எழுத்தில் அது பிழையாகவே கருதப்படுகிறது. கையேடு அச்சிடும்போது கவனம் தேவை.

'ரைஸ்' எழுவது, 'ரெய்ஸ்' எழுப்புவது. நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாக நின்ற ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தை அகோபில மடத்து 44ஆம் பட்டம் ஜீயர் முன்னின்று எழுப்பினார். 1987இல் கும்பாபிஷேகம் நடந்தது. ஜீயர் செய்தது 'ரெய்ஸ்டு'. கோபுரம் 236 அடிக்கு உயர்ந்து நிற்பது 'ரைஸஸ்'. இதன் இறந்தகாலம் 'ரோஸ்'.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்க்கிறேன். கொள்ளிடம் கரைபுரண்டதைச் சொல்லும்போது சிலர் 'ஓவர்ஃப்ளோன்' என்கிறார்கள். அது விமானம் மேலே பறந்து கடப்பதற்கு உரியது. ஆற்றுக்கு எப்போதும் 'ஓவர்ஃப்ளோடு'தான்.