ஒரே கணக்கு, பல காலண்டர்

கேள்வி: அலுவலகம் தந்த கூகுள் கணக்கில் மீட்டிங், குழுவினரின் லீவு, பிள்ளைகளின் பரீட்சை எல்லாம் ஒரே காலண்டரில் குவிந்து கிடக்கின்றன. பிரிக்க வழி உண்டா?
– வாசகி, திருச்சி

பதில்: உண்டு. கணினியில் கூகுள் காலண்டரைத் திறந்து, இடப்பக்கம் ‘பிற காலண்டர்கள்’ அருகே உள்ள கூட்டல் குறியை அழுத்திப் புதியதை உருவாக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி நிறம் கொடுங்கள். லீவு காலண்டரை மட்டும் குழுவோடு பகிரலாம்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. உங்கள் நேரம் காலியா என்று சக ஊழியர் பார்க்கும்போது, பொதுவாக அவருக்குத் தெரிவது உங்கள் முதன்மைக் காலண்டர்தான். புதன் மாலை 4 மணிக்குப் பல் டாக்டர் என்று புதிய காலண்டரில் மட்டும் குறித்தால், அதே 4 மணிக்கு மீட்டிங் அழைப்பு வந்து நிற்கும். அதை முதன்மைக் காலண்டரில் ‘பிஸி’, ‘தனிப்பட்டது’ என்று போடுங்கள். நேரம் அடைபடும், காரணம் சக ஊழியர்களுக்குத் தெரியாது.

பிள்ளைகளின் பரீட்சையை இந்தக் கணக்கில் வைக்கவே வேண்டாம் என்பேன். கணக்கு நிறுவனத்துடையது, வேலையை விட்டால் அதுவும் கையைவிட்டுப் போகும். சொந்த ஜிமெயிலில் குறித்து, அங்கிருந்து அலுவலகக் கணக்குக்குப் பகிர்ந்துகொள்ளுங்கள்.