எண்ணித் தின்ன வேண்டிய பேரீச்சை

எனக்குச் சர்க்கரை என்று தெரிந்த பிறகு, வீட்டுக்கு வரும் உறவினர்கள் மைசூர்பாகை விட்டுவிட்டுப் பேரீச்சம்பழ டப்பாவோடு வருகிறார்கள். "பழம்தானே, ஒண்ணும் பண்ணாது" என்கிறார்கள். அவர்கள் அன்பு பெரிது. ஆனாலும் டப்பாவை நான் சாப்பாட்டு மேசையில் வைப்பதில்லை. கண்ணில் பட்டால் கை தானாகப் போகும்.

பழத்தை உலர்த்தினால் தண்ணீர்தான் போகும், சர்க்கரை அப்படியே தங்கிவிடும். 100 கிராம் கொத்துத் திராட்சையில் கார்போஹைட்ரேட் ஏறக்குறைய 18 கிராம். அதே எடை உலர்திராட்சையில் 80 கிராமை நெருங்குகிறது. பெரிய மெட்ஜூல் பேரீச்சை ஒன்றிலேயே சுமார் 18 கிராம் இருக்கிறது. சின்ன ரகத்தில் 5, 6 கிராம்தான். ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகத்தைக் காட்டும் 'கிளைசெமிக் இண்டெக்ஸ்' பேரீச்சைக்கு அதிகமில்லை என்பது உண்மை. அதை நம்பி எட்டுப் பத்து தின்றால் அந்த எண் காப்பாற்றாது. அதனால் எண்ணித்தான் எடுக்கிறேன்: சின்னதென்றால் 2, மெட்ஜூல் என்றால் பாதி.

எப்போது, எதோடு சாப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். சாப்பாட்டுக்கு மேல் ஒரு வாய் என்று தின்பதில்லை. மாலை டீயோடு பிஸ்கட் எடுக்கும் நேரத்தில், பிஸ்கட்டுக்குப் பதிலாகத்தான். பேரீச்சையைக் கீறிக் கொட்டையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வறுத்த வேர்க்கடலை நாலைந்தை அடைத்து, மெதுவாக மென்று சாப்பிடுவேன். கடலையின் புரதமும் கொழுப்பும் சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கும். ரெண்டு பழத்திலேயே திருப்தியும் வந்துவிடும். புதிதாக எதைச் சாப்பிட்டாலும், சாப்பிடும் முன்பும் 2 மணி நேரம் கழித்தும் குளுக்கோமீட்டரில் பார்த்துக் குறித்துவைக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொள்ளும் அளவு நமக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது.

சிலவற்றை வாங்குவதே இல்லை. தேன் நெல்லி, தேன் அத்தி இரண்டும் பாகில் ஊறியவை. டூட்டி ஃப்ரூட்டி, சர்க்கரையில் ஊறிய பப்பாளித் துண்டு. கிரான்பெர்ரி பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் சர்க்கரை சேர்த்திருப்பார்கள். 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று அச்சிட்டிருந்தாலும் பழத்தின் சொந்தச் சர்க்கரை உள்ளே இருக்கத்தான் செய்யும்.

"பேரீச்சை தின்னா ரத்தம் ஊறும்" என்று வீட்டுப் பெரியவர்கள் வற்புறுத்துவார்கள். 100 கிராம் பேரீச்சையில் இரும்புச்சத்து 1 மில்லிகிராம் அளவுதான். ரத்தசோகையைத் தீர்க்கும் அளவுக்குத் தின்றால் சர்க்கரை எங்கேயோ போய்விடும். அதற்கு டாக்டர் தரும் மாத்திரையே சரி.

சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிக் கை நடுங்கும்போது கடலை அடைத்த பேரீச்சையை நம்ப வேண்டாம், அது மெதுவாகத்தான் வேலை செய்யும். அந்த நேரத்துக்கு 15 கிராம் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். என் பையில் அந்தப் பொட்டலம் எப்போதும் இருக்கும்.

சிறுநீரகப் பாதிப்பும் சேர்ந்திருப்பவர்கள் ரெண்டு பேரீச்சை எடுப்பதற்கு முன்னாலும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். உலர்பழங்களில் பொட்டாசியம் அதிகம்.