எடை குறைந்தது, தோல் ஏன் குறையவில்லை? மேற்கை அறுவை சிகிச்சையின் அறிவியல்



சென்ற மாதம் வகுப்பில் தசைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது படிவம் 4 மாணவி ஒருவர் கையை உயர்த்தினார். "டீச்சர், எங்க அம்மா ரெண்டு வருஷத்துல 35 கிலோ குறைச்சிட்டாங்க. தினமும் டம்பல் தூக்குறாங்க. ஆனா கையில தொங்குற சதை மட்டும் போகவே இல்ல. ஆப்பரேஷன் பண்ணலாமான்னு யோசிக்கிறாங்க. அது என்ன ஆப்பரேஷன் டீச்சர்?"

பின் வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிக்கும்படி அதில் ஒன்றுமில்லை. நல்ல கேள்வி அது. அன்று மணி அடித்துவிட்டதால் முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. இதோ அந்தப் பதில்.

முதலில் ஒரு சிறு சோதனை. உங்கள் புறங்கைத் தோலை இரு விரல்களால் கிள்ளித் தூக்கி, பிறகு விட்டுவிடுங்கள். தோல் உடனே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இப்போது பாட்டியிடம் அனுமதி கேட்டு, அவருடைய கையில் இதையே மெதுவாகச் செய்து பாருங்கள். மடிப்பு சிறிது நேரம் அப்படியே நிற்கும்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் தோலின் நடு அடுக்கில் உள்ள இரண்டு புரதங்கள். ஒன்று கொலாஜன், அது கயிறு போன்றது, தோலுக்கு உறுதியைத் தருகிறது. மற்றொன்று எலாஸ்டின்; அது ரப்பர் போன்றது, இழுத்த தோலைத் திரும்பச் சுருங்க வைக்கிறது. கொலாஜனை உடல் வாழ்நாள் முழுவதும் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். எலாஸ்டின் அப்படியன்று. அதன் பெரும்பகுதி நாம் கருவில் இருக்கும்போதும் சிறு குழந்தையாக இருக்கும்போதும் உருவாகிவிடுகிறது. அதன் பிறகு சேதமடைந்த இழைகளுக்கு ஈடாக நல்ல இழைகளை உடலால் அதிகம் உருவாக்க முடிவதில்லை. உங்கள் பள்ளிக் காலுறையின் மேல்விளிம்பை நினைத்துப் பாருங்கள். அதிலுள்ள ரப்பர் ஒருமுறை தளர்ந்துவிட்டால் எத்தனை முறை துவைத்தாலும் இறுகாது. பல ஆண்டுகள் கூடுதல் எடையைத் தாங்கி விரிந்த தோலின் நிலையும் ஏறக்குறைய இதுதான். வயது, வெயில், சிகரெட் ஆகிய மூன்றும் அந்தத் தளர்ச்சியை விரைவுபடுத்தும்.

டம்பல் ஏன் உதவவில்லை என்பதும் இதிலிருந்தே புரியும். நம் பேச்சில் 'சதை' என்ற ஒரே சொல்லால் தசையையும் கொழுப்பையும் தொங்கும் தோலையும் குறிக்கிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. மேற்கையின் பின்புறம் இருப்பது முத்தலைத் தசை. முழங்கையை நீட்டுவது அதன் வேலை. டம்பல் பயிற்சி அந்தத் தசையை வலுவாக்கும். ஆனால் அம்மாவின் கையில் தொங்குவது தசையன்று, காலியான தோல். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சையும் இங்கே போதாது. மீளும் தன்மை இழந்த தோலுக்கு அடியிலிருந்து கொழுப்பை மட்டும் எடுத்தால் தோல் இன்னும் தளர்ந்து தொங்கக்கூடும்.

எனவே மிஞ்சியிருக்கும் தோலை வெட்டி எடுப்பதுதான் வழி. இந்த அறுவை சிகிச்சைக்குப் பிராக்கியோபிளாஸ்டி என்று பெயர். 'பிராக்கியம்' என்றால் இலத்தீனில் கை. 'பிளாஸ்டி' என்பது உருக்கொடுத்தல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பிளாஸ்டிக் அறுவை சிகிச்சையில் நெகிழிப் பொருளைத் திணிப்பார்கள் என்று நினைக்கும் மாணவர்களை ஆண்டுதோறும் சந்திக்கிறேன். உண்மையில் ஜெர்மானிய மருத்துவர் எட்வர்ட் ஸெய்ஸ் இந்தத் துறையைப் பற்றி நூல் எழுதிய ஆண்டு 1838. முதல் முழுச் செயற்கை நெகிழியான பேக்கலைட் கண்டுபிடிக்கப்பட்டதோ 1907இல்தான்!

சிகிச்சை பேனாவில் தொடங்குகிறது. நோயாளி விழித்திருக்கும்போதே, கைகளைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, எவ்வளவு தோலை எடுக்கலாம் என்று மருத்துவர் கிள்ளிப் பார்த்துக் கோடு வரைவார். பிறகு பெரும்பாலும் முழு மயக்கம் கொடுக்கப்படும். அக்குளிலிருந்து முழங்கை வரை, கையின் உட்பக்கத்திலோ பின்பக்கத்திலோ, நீண்ட இலை வடிவில் தோலும் அதனடியில் உள்ள கொழுப்பும் அகற்றப்படும். இரண்டு கைகளுக்கும் சேர்த்து இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம்.

இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. அறுவையின்போதே திசுக்கள் வீங்கத் தொடங்கும். முழுத் தோலையும் ஒரேயடியாக வெட்டிவிட்டால், வீங்கிய கையை மூடுவதற்குத் தோல் போதாமல் போய்விடலாம். ஆகவே பல மருத்துவர்கள் கொஞ்சம் வெட்டி, அந்த இடத்தை மூடி, பிறகு அடுத்த பகுதியை வெட்டுவார்கள். இரண்டாவது சிக்கல் நரம்பு. முன்கையின் உட்பக்கத்துக்குத் தொடுவுணர்வைத் தரும் நரம்பு ஒன்று, மேற்கையில் ஒரு சிரையை ஒட்டியபடி, வெட்டப்படும் பகுதிக்கு அருகிலேயே ஓடுகிறது. அதைக் காப்பதற்காகத் தசை உறைக்கு மேல் ஒரு மெல்லிய கொழுப்பு அடுக்கை விட்டுவைப்பார்கள். அந்த நரம்பு சேதமடைந்தால் முன்கை மரத்துப்போகலாம், வலியும் நீடிக்கலாம்.

சிகிச்சை முடிந்த பிறகு கை வீங்கும், கன்றிப்போகும். சிலருக்குத் தேங்கும் நீரை வெளியேற்ற மெல்லிய குழாய் வைப்பார்கள். இறுக்கமான அழுத்த உறையைச் சில வாரங்கள் அணிய வேண்டும். கையைத் தலையணைமேல் உயர்த்தி வைக்க வேண்டும். ஆனால் படுத்தே கிடக்கக் கூடாது. கால் சிரைகளில் இரத்தம் உறையாமலிருக்க எழுந்து நடக்க வேண்டும். ஓரிரு வாரங்களில் மேசை வேலைக்குத் திரும்பலாம். பாரம் தூக்க ஆறு வாரம்வரை காத்திருக்க வேண்டிவரும். வீட்டில் அரிசி மூட்டையும் ஈரத் துணி வாளியும் யார் தூக்குவது என்று முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது. அதற்குப் பதில் பெரும்பாலும் நீங்கள்தான்!

ஆறு வாரம் ஏன்? வெட்டிய தோலை மூன்று வாரத்தில் பார்த்தால் ஆறிவிட்டது போலத் தோன்றும். ஆனால் அப்போது அதன் வலிமை பழைய தோலின் வலிமையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். மூன்று மாதத்தில் அது 80 விழுக்காட்டை நெருங்கும். அதற்கு மேல் ஏறுவதில்லை. தழும்பு என்பது அவசரத்தில் பின்னிய கொலாஜன் பாய். பழைய தோலின் நேர்த்தியான பின்னல் அதில் திரும்ப வராது. முதலில் சிவந்தோ கருத்தோ தடித்திருக்கும் தழும்பு, வெளிறித் தணிய ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகலாம். முழுவதும் மறையவே மறையாது. தழும்புக்குச் சுருங்கும் இயல்பும் உண்டு. அது அக்குளை நேர்க்கோட்டில் கடந்தால், கையை உயர்த்த விடாமல் கயிறுபோல் இழுத்துப் பிடிக்கும். அதனால் அந்த இடத்தில் வெட்டை மின்னல் கோடுபோல் வளைத்துக் கொண்டுபோவார்கள்.

ஆக, இந்தச் சிகிச்சையில் தொங்கும் தோலைக் கொடுத்துவிட்டு நீண்ட தழும்பை வாங்கிக்கொள்கிறோம். விளம்பரப் படங்களில் கை கீழே இறங்கியிருக்கிறதா என்று கவனியுங்கள். கையைத் தூக்கினால் தழும்பு தெரிந்துவிடும்.

நம்மைப் போன்ற மாநிறத்தவரும் கறுநிறத்தவரும் கெலாய்டைப் பற்றியும் யோசிக்க வேண்டும். காயத்தின் எல்லையையும் தாண்டி வளரும் தழும்புக் கட்டிக்குத்தான் அந்தப் பெயர். பிறந்தபோது போடப்பட்ட பி.சி.ஜி. தடுப்பூசியின் தடம் உங்கள் இடது மேற்கையில் இருக்கும், பாருங்கள். பெரும்பாலோருக்கு அது சிறு பள்ளம். சிலருக்கு அது புடைத்துக் கட்டியாக வளர்ந்திருக்கும். அப்படிப்பட்டவர், அல்லது காது குத்திய இடத்தில் கட்டி வந்தவர், கத்தி வைப்பதற்கு முன்பே அதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

இதைத் தவிர நோய்த்தொற்று, இரத்தக்கசிவு, தையல் பிரிதல், இரு கைகளும் சமமில்லாமல் போதல் ஆகியவையும் நேரலாம். புகைப்பவரின் இரத்த நாளங்கள் சுருங்குவதால் காயம் ஆறத் தாமதமாகும். குறைந்தது நான்கு வாரம் முன்பே சிகரெட்டை நிறுத்தச் சொல்வார்கள். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர்க் கணுக்களை அகற்றியவர்களுக்குக் கை நிரந்தரமாக வீங்கும் ஆபத்து இருப்பதால் பொதுவாக இது பரிந்துரைக்கப்படுவதில்லை. எடை ஆறு மாதமாவது ஏறாமல் இறங்காமல் நிலைத்திருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. உங்கள் வயதில் கை கொஞ்சம் குண்டாக இருப்பது வேறு விஷயம். உடல் இன்னும் வளர்கிறது, எலாஸ்டினும் நல்ல நிலையில் இருக்கிறது. யாரோ கேலி செய்தார்கள் என்பதற்காக இந்தப் பக்கம் வர வேண்டாம்.

மாணவியின் அம்மாவுக்கு மூன்று செய்திகளைச் சொல்லி அனுப்பினேன். மருத்துவரின் பெயர் மலேசியாவின் தேசியச் சிறப்பு மருத்துவர் பதிவேட்டில், பிளாஸ்டிக் அறுவை சிகிச்சைப் பிரிவில் இருக்கிறதா என்று இணையத்தில் பார்க்க வேண்டும். அழகு நிலையத்தில் இதைச் செய்துகொள்ளக் கூடாது. ஓராண்டு ஆன தழும்பின் படத்தை, கையைத் தூக்கிய நிலையில் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும்.

போன வாரம் அந்த மாணவி மீண்டும் வந்தார். அம்மாவின் எடை இன்னும் இறங்கிக்கொண்டிருப்பதால் டிசம்பரில் வரச் சொல்லியிருக்கிறார்களாம். தழும்பின் படத்தையும் காட்டியிருக்கிறார்கள். அம்மா அதைத் திறன்பேசியில் வைத்துக்கொண்டு தினமும் எடுத்துப் பார்க்கிறாராம். இன்னும் முடிவு செய்யவில்லை.