வலைவழங்கியும் திறவுகோற் காவலும்

அஞ்சலட்டையில் எழுதப்பெறும் செய்தியை வழியில் எவரும் படித்துவிடலாம். இணையத்தில் எச்.டி.டி.பி. எனும் நெறிமுறைப்படி செல்லும் செய்தியின் நிலையும் அதுவே. தம் சொந்தக் கணிப்பொறியை வலைவழங்கியாக நிறுவுவோர், அதனோடு நிகழும் தொடர்பைக் காத்தற்குச் செய்ய வேண்டுவன யாவை என்பதை ஈண்டுக் காண்போம்.

நெட்ஸ்கேப் நிறுவனம் 1995இல் வெளியிட்ட எஸ்.எஸ்.எல். நெறிமுறையின் வழித்தோன்றலே இன்றைய டி.எல்.எஸ். அதன் 1.3 பதிப்பு 2018இல் வெளிவந்தது. செய்தியை மறைத்தல் இந்நெறியின் ஒரு பாதியே. மறுமுனையில் இருப்பது உரிய வழங்கிதானா என்று உறுதிசெய்தல் மறுபாதி. இதற்கென வழங்கியில் இணையான இரு திறவுகோல்கள் ஆக்கப்பெறும். பொதுத் திறவுகோல் சான்றிதழில் இடம்பெற்று அனைவர்க்கும் காட்டப்பெறும். தனித் திறவுகோலோ வழங்கியை விட்டு வெளியேறலாகாது. அதனைக் கைக்கொண்டவன் அவ்வழங்கியாகவே நடித்துவிடுவான்.

சான்றிதழுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்த காலத்தில் எளியோர் பலர் இதனைத் தவிர்த்தனர். 2015இல் லெட்ஸ் என்கிரிப்ட் எனும் அமைப்பு இலவசமாக வழங்கத் தொடங்கிற்று. குறித்த பெயருக்குரிய வழங்கி நம் ஆளுகையில் உள்ளதா என்பதே அவ்வமைப்பு ஆராய்வது. தான் தரும் கோப்பு ஒன்றை அதில் வைக்கச் சொல்லி, 80ஆம் வாயில் வழியே வந்து பார்த்துக்கொள்ளும். சர்ட்பாட் எனும் மென்பொருள் இவ்வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடும். பின்னர் 443ஆம் வாயிலைத் திறந்து, 80க்கு வருவோரை அங்கே திருப்பிவிடுதல் வேண்டும்.

இச்சான்றிதழ் பெயருக்கே சான்று. அப்பெயருடையாரின் நேர்மைக்கு அன்று. மோசடித் தளங்களும் இதனைப் பெற்றுவிடுகின்றன. பூட்டுச்சின்னத்தைக் கண்ட அளவிலேயே வங்கிக் கணக்கு விவரம் தருவோர், பெரியோர் உட்பட, இதனை உணர்தல் நன்று.

திறவுகோல் கசிந்தால் விளைவது யாது? 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் குறை இதற்குத் தக்க சான்று. ஓப்பன் எஸ்.எஸ்.எல். மென்பொருளில் இருந்த அக்குறை, வழங்கியின் நினைவகத்தில் உள்ளவற்றை அயலார் சிறிது சிறிதாகப் படித்தெடுக்க இடந்தந்தது. மென்பொருளைத் திருத்துவதோடு பணி முடியவில்லை. புதிய திறவுகோல் ஆக்கி, புதிய சான்றிதழ் பெற்று, பழையதைச் செல்லாததாக்கவும் வேண்டியிருந்தது. பழைய திறவுகோலுக்கே புதிய சான்றிதழ் வாங்கியோரும் உளர். அவர்தம் முயற்சி வீணே எனலாம்.

லெட்ஸ் என்கிரிப்ட் தன் சான்றிதழை 90 நாள் ஆயுளுடன் தரத் தொடங்கியது. 2029 மார்ச் முதல் எந்த அமைப்பும் 47 நாட்களுக்கு மேல் வழங்கலாகாது என 2025இல் முடிவாயிற்று. ஆகலின் புதுப்பித்தலைக் கணிப்பொறியிடமே ஒப்படைத்தல் தகும். புதுப்பித்த பின் வழங்கி மென்பொருள் புதிய சான்றிதழை மீண்டும் படித்துக்கொள்ளுமாறும் அமைத்தல் வேண்டும். இன்றேல் புதியது வட்டில் இருக்க, வருவோர்க்குக் காலாவதியானதே காட்டப்பெறும்.